11 கிலோவில் இருந்து 1 கிலோ வரை: திருவண்ணாமலையில் வளர்ந்தவர் செய்த பயணக் கணினி

காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றுப் பக்கம் இருக்கிறது ஓரிக்கை. இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். பல்லவ மன்னன் தன்னைப் பற்றிப் பாடச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். நாட்டை விட்டு வெளியேற உத்தரவு வந்தது. சீடன் கிளம்பியதும் ஆழ்வாரும் கிளம்பினார். போவதற்கு முன் திருவெஃகா கோயிலுக்குப் போய், பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கூட வரச் சொல்லிவிட்டார். பெருமாளும் கிளம்பிவிட்டார்! அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை'. அதுதான் நாளடைவில் ஓரிக்கை ஆனது என்பது ஊர்க்கதை. மன்னன் மன்னிப்புக் கேட்டதும் எல்லோரும் திரும்பி வந்தார்கள். சொன்னபடி எழுந்து போய், சொன்னபடி திரும்பி வந்து படுத்ததால் அவருக்கு 'சொன்ன வண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர்.

பக்தியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், இந்தக் கதையில் ஒரு நடைமுறை விஷயமும் இருக்கிறது. படுக்கை சுருட்டக்கூடியதாக இருந்ததால்தான் சொன்ன உடனே கிளம்ப முடிந்தது!

இன்றைக்கு அதே ஓரிக்கையில் இருந்து கல்லூரிக்கோ வேலைக்கோ சென்னை போகிற ஒருவர் தோளில் சுருட்டிக்கொண்டு போவது மடிக்கணினியைத்தான். ஒரு வழிக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற நாளில் ஒரு கிலோவுக்கும் இரண்டரை கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் தோளுக்கு நன்றாகத் தெரியும். தறி ஓட்டுகிற வீட்டில் ஒரு மடிக்கணினி வாங்குவது என்பது பல மாதச் சேமிப்பு. தப்பாக வாங்கிவிட்டால் அதையே நான்கைந்து வருடம் சுமக்க வேண்டும்.

லேசாகவும் இருக்க வேண்டும், வேலையும் நடக்க வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகப் பிடிக்க முதலில் போராடி, ஜெயித்து, பிறகு தோற்றுப்போன ஒரு மனிதர் இருந்தார். அவர் வளர்ந்தது ஓரிக்கையில் இருந்து மூன்று மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கும் திருவண்ணாமலையில் என்பதுதான் ஆச்சரியம்.

கனவு: 2 கிலோவுக்குள் ஒரு கணினி

முதலில் கனவைப் பார்ப்போம். 1972ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் வேலை பார்த்த ஆலன் கே என்ற விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதினார். நோட்டுப் புத்தகம் அளவில், நான்கு பவுண்டுக்கும் குறைவாக, அதாவது சுமார் 1.8 கிலோவுக்குள், குழந்தைகள்கூடத் தூக்கிப் போகும் ஒரு கணினி வேண்டும் என்றார். அதற்கு 'டைனாபுக்' என்று பெயரும் வைத்தார். காகிதத்தில் மட்டும்!

நிஜம் வேறு மாதிரி இருந்தது. 1975ல் ஐபிஎம் நிறுவனம் 'எடுத்துச் செல்லக்கூடிய கணினி' என்று சொல்லி 5100 என்ற மாடலை வெளியிட்டது. எடை சுமார் 24 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்குச் சமம். விலையோ பல ஆயிரம் டாலர்.

திருவண்ணாமலைப் பையன்

ஆதம் ஆஸ்போர்ன் 1939ல் பாங்காக்கில் பிறந்தார். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் இங்கிலாந்துக்காரர், அங்கே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். குடும்பமே ரமண மகரிஷியின் மீது ஈடுபாடு கொண்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் தாய்லாந்துக்குள் வந்தபோது அப்பா அங்கே சிறை முகாமில் மாட்டிக்கொண்டார். அம்மாவும் குழந்தைகளும் திருவண்ணாமலையில் இருந்தார்கள். போர் முடிந்த பிறகுதான் அப்பா வந்து சேர்ந்தார். ரமணர் பற்றி ஆங்கிலத்தில் புகழ்பெற்ற நூல்கள் எழுதியவரும், 1964ல் ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கியவரும் இந்த ஆர்தர் ஆஸ்போர்ன்தான்.

மகன் வேறு பாதையில் போனார். கொடைக்கானலில் பள்ளிப் படிப்பு, பிறகு இங்கிலாந்து. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பொறியியல், அமெரிக்காவில் டாக்டர் பட்டம், ஒரு எண்ணெய் நிறுவனத்தில் வேலை. வேலையை விட்டபின் மைக்ரோ கணினிகளைப் பற்றி எளிமையான புத்தகங்கள் எழுதிப் பதிப்பித்தார். அவை நன்றாக விற்றன. 1979ல் தன் பதிப்பகத்தை மெக்ரா ஹில் நிறுவனத்திடம் விற்றுவிட்டு, அடுத்து கணினியே செய்வது என்று இறங்கினார்.

ஆஸ்போர்ன் 1

1981 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த கணினிக் கண்காட்சியில் 'ஆஸ்போர்ன் 1' வெளியானது. வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன் என்ற பொறியாளர். பார்க்கத் தையல் மெஷின் பெட்டி போல இருக்கும். மூடியைக் கழற்றினால் அதுதான் கீபோர்டு. நடுவில் 5 அங்குலத் திரை, இரண்டு பக்கமும் பிளாப்பி டிரைவ். 64 கிலோபைட் நினைவகம். எடை சுமார் 11 கிலோ. விமானத்தில் இருக்கைக்கு அடியில் வைக்க முடியும் என்பது பெரிய விளம்பரம். உள்ளே பேட்டரி கிடையாது. போய்ச் சேர்ந்த இடத்தில் பிளக் பாயிண்ட் தேட வேண்டியதுதான்.

விலை 1,795 டாலர். அந்த விலையிலேயே வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் போன்ற மென்பொருள்களும் சேர்ந்து வந்தன. அவற்றைத் தனியாக வாங்கினாலே கிட்டத்தட்ட அதே அளவு பணம் ஆகியிருக்கும். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். உச்சத்தில் மாதம் பத்தாயிரம் கணினிகள் விற்றதாகச் சொல்வார்கள்.

ஆஸ்போர்னின் கொள்கை மிகவும் எளிமையானது. உலகிலேயே சிறந்ததாக இருக்க வேண்டாம், வேலைக்குப் போதுமானதாக இருந்தால் போதும். மற்றதெல்லாம் கூடுதல் செலவு, கூடுதல் எடை. மடிக்கணினி வாங்குகிற யாரும் கடைக்குப் போவதற்கு முன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

ஆனால் 'போதும்' என்ற அளவு எது? அங்கேதான் சறுக்கினார்.

எங்கே தவறியது?

அந்தக் காலத்தில் அலுவலகக் கடிதம், கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வரிக்கு 80 எழுத்து என்பது வழக்கம். ஆஸ்போர்ன் 1 திரையில் ஒரு வரிக்குத் தெரிந்தது 52 எழுத்துதான். மீதியைப் பார்க்கப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். 1982ல் கேப்ரோ என்ற போட்டிக் கணினி அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையோடு, 80 எழுத்தோடு வந்தது. கண் வலித்தவர்கள் அந்தப் பக்கம் போனார்கள்.

அடுத்த அடி மென்பொருளில் விழுந்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. எல்லோரும் அதற்கு மென்பொருள் எழுத ஆரம்பித்தார்கள். காம்பாக் நிறுவனம் அந்த மென்பொருள்கள் அப்படியே ஓடும் ஒரு பெட்டிக் கணினியை 1982 நவம்பரில் அறிவித்து, அடுத்த வருடம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை பன்னிரண்டு கிலோவுக்கு மேல், அதாவது ஆஸ்போர்னைவிட அதிகம். விலையும் அதிகம். இருந்தும் ஜெயித்தது காம்பாக்தான். தான் பார்க்கிற வேலைக்கு வேண்டிய மென்பொருள் ஓடாத கணினி எவ்வளவு லேசாக இருந்தும் என்ன பயன்?

மூன்றாவது அடியைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார் என்று பேசப்படுகிறது. தயாராவதற்கு முன்பே 'அடுத்த மாடல் வருகிறது' என்று ஆஸ்போர்ன் சொல்ல ஆரம்பித்தார். வாங்க வந்தவர்கள் 'அது வரட்டும்' என்று காத்திருந்தார்கள். கையில் இருந்த சரக்கு தேங்கியது. 1983 செப்டம்பரில் கம்பெனி திவால். போட்டியும் நிர்வாகக் குளறுபடியும்தான் முக்கியக் காரணம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எப்படியோ, 'ஆஸ்போர்ன் விளைவு' என்ற சொல் வணிகப் பாடங்களில் நிலைத்துவிட்டது.

பிறகு அவர் தொடங்கிய மலிவு விலை மென்பொருள் கம்பெனியும் லோட்டஸ் நிறுவனம் போட்ட வழக்கில் தோற்றது. உடல்நலம் கெட்டு 1992ல் இந்தியா திரும்பினார். சகோதரியின் பராமரிப்பில் இருந்து, 2003 மார்ச் 18 அன்று கொடைக்கானலில் காலமானார். உலகத்துக்குப் பயணக் கணினியை விற்றுக் காட்டியவரின் பயணம், பள்ளிக்கூடம் போன அதே மலையூரில் முடிந்தது.

எடை குறைந்த கதை

ஆஸ்போர்ன் வந்த காலத்திலேயே வேறு சிலர் வேறு விதமாக யோசித்தார்கள். ஜப்பானின் எப்சன் நிறுவனம் ஹெச்எக்ஸ் 20 என்று ஒன்றைச் செய்தது. 1.6 கிலோதான், பேட்டரியிலும் ஓடும். ஆனால் திரையில் தெரிவது நான்கே வரி! 1982ல் வந்த கிரிட் காம்பஸ்தான் இன்றைய மடிக்கணினி போல மடித்து மூடும் முதல் கணினிகளில் ஒன்று. விண்வெளி ஓடத்திலும் போனது. விலை 8,000 டாலருக்கும் மேல் என்பதால் சாமானியர்கள் கிட்டே போக முடியவில்லை. 1983ல் வந்த டிஆர்எஸ் 80 மாடல் 100 நான்கு சாதாரண டார்ச் பேட்டரி செல்களில் சுமார் 20 மணி நேரம் ஓடியது. எட்டு வரித் திரை. செய்தி எழுதித் தொலைபேசி வழியே அனுப்ப அதுவே தாராளம் என்பதால் பத்திரிகையாளர்கள் கொண்டாடினார்கள்.

ஒவ்வொன்றும் எடையைக் குறைக்க எதையோ விட்டுக்கொடுத்திருப்பதைக் கவனிக்கலாம். ஒன்று திரையை, ஒன்று பேட்டரியை, ஒன்று விலையை.

இந்தக் கணக்கை மாற்றியது பேட்டரி. 1991ல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு குறைந்த எடையில் அதிக மின்சாரத்தைச் சுமக்க முடிந்தது. 2007ல் அசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில், 7 அங்குலத் திரையோடு, மலிவு விலையில் வந்து சக்கைப்போடு போட்டது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். 1.36 கிலோ. சிடி டிரைவ் இல்லை, ஒரே ஒரு யுஎஸ்பி துளை. அன்றைக்குச் சிரித்தவர்கள் பலர். இன்று சிடி டிரைவோடு மடிக்கணினி கிடைப்பதே அபூர்வம். 2020 நவம்பரில் வந்த எம்1 சிப் மேக்புக் ஏரில் மின்விசிறிகூட இல்லை. ஆலன் கே காகிதத்தில் எழுதிய 1.8 கிலோ சாதாரணமாகிப் போனது.

நம்ம ஊர்ப் பக்கம்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில் 2007ல் டெல் நிறுவனம் கணினித் தொழிற்சாலை திறந்தது. இருந்தாலும் பக்கத்து ஊர்களில் பல வீடுகளுக்குள் முதல் கணினி நுழைந்தது 2011க்குப் பிறகுதான். அந்த வருடம் செப்டம்பர் 15ல் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 14 அங்குலத் திரை, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து இருந்தது. அடுத்த சில வருடங்களில் சுமார் 50 லட்சம் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவும் ஒரு வகையில் ஆஸ்போர்ன் கணக்குத்தான். விலை உயர்ந்தது இல்லை, லேசானதும் இல்லை. ஆனால் பிராஜெக்ட் எழுத, படிக்க, கற்றுக்கொள்ளப் போதுமானது.

காஞ்சிபுரத்துத் தறியைப் பார்த்தால் இது இன்னும் புரியும். புடவை டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டு, ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். ஓட்டை இருந்தால் நூல் ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. இப்போது பல இடங்களில் அந்த டிசைன் கணினியில் வரையப்படுகிறது. புடவை டிசைன் போடுகிறவருக்கு நல்ல நிறம் காட்டும் பெரிய திரை வேண்டும். கணக்கு எழுதுகிறவருக்கு அது வேண்டாம். இருவருக்கும் 'போதும்' ஒன்றல்ல.

வாங்கப் போகிறவருக்கு

ஆஸ்போர்ன் கதையில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை:

1. முதலில் மென்பொருள். தினமும் எதில் வேலை என்று எழுதி வைத்துக்கொண்டு, அது நன்றாக ஓடும் கணினிகளை மட்டும் பார்க்க வேண்டும். காம்பாக் ஜெயித்தது இதில்தான்.

2. அடுத்து திரை. கடையில் ஐந்து நிமிடம் பார்ப்பது போதாது. முடிந்தால் ஒரு பக்கம் முழுக்க டைப் செய்து பார்க்க வேண்டும். 13 அல்லது 14 அங்குலம் பயணத்துக்கும் வேலைக்கும் நடுவில் நிற்கும்.

3. எடையைப் பார்க்கும்போது சார்ஜரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யுஎஸ்பி சி வழியாகச் சார்ஜ் ஆனால் போனுக்கும் கணினிக்கும் ஒரே சார்ஜர் போதும். விமானப் பயணம் உண்டு என்றால் பேட்டரி 100 வாட் மணிக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவைப்படும்.

4. மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே 16 ஜிபி வாங்கிவிட்டால் நாலு வருடம் ஓட்டலாம்.

5. கடைசியாக, 'அடுத்த மாடல் வரட்டும்' என்ற காத்திருப்பு. ஆஸ்போர்ன் விளைவு கம்பெனியை மட்டும் கவிழ்ப்பதில்லை. வாங்குகிறவரையும் உட்கார வைத்துவிடும். அடுத்த மாடல் எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும், செமஸ்டர் காத்திருக்காது!

ஓரிக்கையில் தங்கியது ஓர் இரவுதான். அந்த ஓர் இரவுக்கு எது வேண்டுமோ அதைச் சுருட்டிக்கொண்டு போனால் போதும்.