இரத்தக் கொதிப்பும் ஹார்மோன்களும்

இரத்தக் கொதிப்பு என்று நாம் வழங்கும் நோயில் இரத்தம் கொதிப்பதில்லை. குழாய்களின் சுவர்மீது அதன் அழுத்தம் மிகுகின்றது. அவ்வழுத்தத்தைப் புயத்தில் பட்டை கட்டி அளக்கும் முறையை 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரீவா-ரோச்சி வகுத்தார். அழுத்தம் ஏன் மிகுகின்றது என்பதை அறியவோ, அறிஞர்கள் குருதிக்குள்ளேயே தேட வேண்டியதாயிற்று. அத்தேட்டத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

1898-இல் ஸ்டாக்ஹோம் நகரில் டிகர்ஸ்டெட் என்ற பின்லாந்து அறிஞரும் அவர்தம் மாணவர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறு முயல்களின் குருதியிற் செலுத்தினர். அழுத்தம் உயர்ந்தது. அச்சாற்றில் உள்ள பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டனர். ஆயினும் நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. 1934-இல் அமெரிக்காவில் கோல்ட்பிளாட் என்பவர், நாய்களின் சிறுநீரகத் தமனிகளை வெள்ளிக் கவ்விகளால் நெருக்கி நீடித்த இரத்தக் கொதிப்பை உண்டாக்கிக் காட்டிய பின்னரே உலகம் மீண்டும் சிறுநீரகத்தை நோக்கியது.

ரெனின் தானே குழாய்களைச் சுருக்குவதில்லை. குருதியிலுள்ள ஒரு புரதத்தினின்று வேறொரு பொருளைப் பிறப்பிக்கின்றது. இதனை 1940-ஐ ஒட்டி அர்ஜென்டினாவில் பிரவுன்-மெனெண்டெஸ் குழுவினரும் அமெரிக்காவில் பேஜ் குழுவினரும் தனித்தனியே கண்டனர். முன்னவர் இட்ட பெயர் ஹைபர்டென்சின்; பின்னவர் இட்டது ஆஞ்சியோடோனின். ஒரு பொருளுக்கு இரு பெயர்! 1958-இல் இருவரும் உடன்பட்டு, இரண்டிலும் பாதி எடுத்து ஆஞ்சியோடென்சின் என்று அமைத்தனர். சொற்களோடு நாள்தோறும் போராடும் நமக்கு இந்த உடன்பாடு பெருமகிழ்ச்சி தருகின்றது.

1953-இல் லண்டனில் சிம்ப்சனும் டெயிட்டும், ஸ்விட்சர்லாந்து அறிஞர் துணையுடன், உடலில் உப்பைத் தேக்கும் அல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைப் பிரித்தெடுத்தனர். சிறுநீரகத்தின் மேலமைந்த அட்ரினல் சுரப்பியே அதன் பிறப்பிடம். அடுத்த ஆண்டே அமெரிக்க மருத்துவர் கான், தசைத் தளர்ச்சியும் இரத்தக் கொதிப்பும் உற்ற 34 வயதுப் பெண்மணி ஒருவரை ஆராய்ந்தார். அவரது அட்ரினல் சுரப்பி ஒன்றில் இருந்த கட்டியை அகற்றியதும் நோய் நீங்கியது.

ஆனால் இத்தகையோரை எவ்வாறு கண்டுகொள்வது? ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால், நூறு மில்லிலிட்டர் குருதிநீரில் அல்டோஸ்டிரோன் சில கூறுகளோ சில பத்துக் கூறுகளோதான் இருக்கும். நியூயார்க்கில் யாலோ அம்மையாரும் பெர்சனும், கதிரியக்கத் துணையுடன் இன்சுலினை அளக்க 1960-ஐ ஒட்டி வகுத்த முறை இத்தகைய அளவைகளுக்கு வழி திறந்தது. அதற்காக யாலோ 1977-இல் நோபெல் பரிசு பெற்றார். பெர்சன் 1972-லேயே மறைந்துவிட்டார்.

இன்று ரெனினையும் அல்டோஸ்டிரோனையும் சேர்த்து அளக்கின்றனர். ரெனின் தாழ்ந்திருக்க அல்டோஸ்டிரோன் மட்டும் மிகுந்திருப்பின், குற்றம் அட்ரினலில் இருக்கலாம் என்று ஐயுறலாம். அரிதென்று முன்னர் எண்ணிய இந்நோய், இரத்தக் கொதிப்பு உற்றோருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரிடம் இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் சோதிக்கப்படுவோர் மிகச் சிலரே. காரணம் அறியப்படாமலே ஆயுள் முழுதும் மருந்துண்போருள், அறுவையால் குணமாகத்தக்கவரும் இருக்கக்கூடும். அளவு அறிந்தால் அன்றோ காரணம் புலப்படும்!