கேளாமலே பார்க்கும் மருத்துவம்

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று தண்ணீரோடு வெளிவந்தது. அந்தப் பழுப்பு நிலக்கரியே நெய்வேலியின் தொடக்கம். 1956இல் நிலக்கரி நிறுவனம், 1957இல் சுரங்கப் பணி, பிறகு அனல்மின் நிலையம், குடியிருப்பு, பொது மருத்துவமனை. சுரங்கத் தொழில் கொண்டுவந்த இன்னொரு வழக்கம் அதிகம் பேசப்படுவதில்லை: நோய் என்று சொல்லி வராத தொழிலாளியையும் அழைத்துப் பரிசோதிப்பது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது அது நடக்க வேண்டும் என்றன சுரங்க விதிகள். நுரையீரலில் தூசு படிவது மூச்சு வாங்கும்வரை தெரியாது. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுப்பதும் அப்படித்தான். நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து அடைபட்ட பிறகும் பார்வை தெளிவாகவே இருக்கலாம். மங்கிய பின் வருபவருக்கு லேசர் சிகிச்சை பெரும்பாலும் மிச்சமிருக்கும் பார்வையைத்தான் காக்கும்.

ஆகவே நெய்வேலி தன் பழைய வழக்கத்தை விழித்திரைக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே என் வாதம். முன்பு அதற்குக் கருவியே தடை. 1851இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயிருள்ள விழித்திரையைக் காண வழி செய்தார். அதைப் படமெடுக்கும் கேமராவோ மேசையை அடைத்துக்கொண்டு மருத்துவமனையிலேயே இருந்தது. 2006இல் தொடங்கிய சூணாம்பேடு கிராமப்புறச் சர்க்கரை நோய்த் திட்டத்தில் அது வேனில் ஏறி 42 கிராமங்களுக்குப் போனது. படங்கள் செயற்கைக்கோள் வழியே சென்னை மருத்துவர்களை அடைந்தன. அடுத்து, பெங்களூரின் ரெமிடியோ நிறுவனம் செல்போனைப் பொருத்திப் படமெடுக்கும் ஒளியியல் கருவியை உருவாக்கியது. அதைச் சென்னையில் மருத்துவர்கள் ராஜலட்சுமி, மோகன் குழுவினர் சோதித்து முடிவுகளை 2015இல் வெளியிட்டனர். 2018இல் அதே வகைப் படங்களைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வாசித்தபோது, பார்வையைப் பறிக்கக்கூடிய பாதிப்புகளில் 99.1 சதவீதத்தைக் கண்டுபிடித்தது.

அந்தப் பாதிப்பு இல்லாதவர்களில் ஐந்தில் ஒருவரையும் மென்பொருள் தவறாகச் சந்தேகித்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சோதிக்கப்பட்டவர்களும் சர்க்கரை நோய் மருத்துவமனைக்கு வந்தவர்கள். ஊர்ப் பொதுமக்கள் அல்லர். ஆனால் வீண் சந்தேகத்துக்கு விலை இன்னொரு பரிசோதனை. தவறவிட்ட பாதிப்புக்கு விலை கண். மருத்துவமனைதான் இருக்கிறதே என்பது அதைவிட வலுவற்ற வாதம்: அறிகுறி இல்லாதவர் எதற்காக அங்கே போவார்? படம் மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதை முழுமையாக ஏற்கிறேன். சந்தேகப்பட்டவரை லேசர் அறைவரை கொண்டுசேர்க்க ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் அந்தப் படம் போனிலேயே கிடக்கும். இந்த நோய்க்கு ஐந்தாண்டு இடைவெளியும் போதாது. சர்க்கரை உள்ள நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரர் என எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒரு விழித்திரைப் படம் எடுக்கும் ஏற்பாட்டை நெய்வேலி இனியும் தள்ளிப்போடக் கூடாது.