கேஷ் வேறு, காசு வேறு... ஆனாலும்!

ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள் என்று ஒரு பட்டியல் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இமெயில் ஃபார்வர்டு காலத்தில் சுற்றியது, வாட்ஸ்அப் காலத்திலும் ஓயவில்லை. கட்டுமரம், மிளகுதண்ணி, சுருட்டு என்ற வரிசையில் தவறாமல் இடம்பிடிக்கும் சொல் "கேஷ்". காசுதான் கேஷ் ஆனதாம். ஒலியும் ஒத்துப்போகிறது, அர்த்தமும் ஒத்துப்போகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று எல்லோரும் சந்தோஷமாக அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

சாட்சி வேண்டும்தான். ஏனென்றால் கடைக்காரர் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறாரே, அந்த கேஷ் தமிழிலிருந்து போனதல்ல.

அது ஒரு பெட்டி. லத்தீனில் பெட்டிக்கு "கப்சா" என்று பெயர். (தமிழ்நாட்டில் கப்சா என்றால் வேறு அர்த்தம். ஆனால் இது நிஜம்!) இந்தக் கப்சா இத்தாலியில் "காஸ்ஸா" ஆனது, பிரான்சில் "கேஸ்" ஆனது. அங்கிருந்து 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது கேஷ் என்றால் பணம் வைக்கும் பெட்டி. அப்புறம் பெட்டியையும் சொல்லும், உள்ளே இருக்கும் பணத்தையும் சொல்லும் என்றாகி, 18-ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி மறைந்து பணம் மட்டும் மிஞ்சியது. சூட்கேஸில் இருக்கும் "கேஸ்", மருந்துக் கடையில் விற்கும் "கேப்ஸ்யூல்" எல்லாம் அதே கப்சாவின் பேரப்பிள்ளைகள்தான். இந்த மாதிரி பொருள் மாறுவது ஒன்றும் அதிசயமில்லை. நம் ஊரில் கல்லா என்பதும் பெட்டிதான். "இன்னைக்கு நல்லா கல்லா கட்டிட்டான்" என்றால் யாரும் பெட்டியை நினைப்பதில்லை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் ஒரு உபரி லாபம் உண்டு. 1494-இல் வெனிஸில் அச்சான லூக்கா பாச்சோலியின் புத்தகத்தில்தான் இரட்டைப் பதிவு முறை முதன்முதலாக அச்சில் விரிவாக விளக்கப்பட்டது. அதில் ரொக்கக் கணக்கின் பெயர் "காஸ்ஸா", அதாவது பெட்டி. "உள்வருவதைப் பற்று வை, வெளிச்செல்வதை வரவு வை" என்று பிளஸ் ஒன்னில் மனப்பாடம் செய்த விதியை இப்போது சொல்லிப் பாருங்கள். எதற்குள் வருகிறது, எதிலிருந்து வெளியே செல்கிறது? பெட்டி! கணக்கு பணத்துக்கு இல்லை, பெட்டிக்கு. பெட்டி பணத்தை வாங்கிக்கொண்டது, அதனால் அது கடன்பட்டது, அதன் பேரில் பற்று. இதை யாராவது முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்...

சரி, அப்படியானால் அந்தப் பட்டியல் முழுப் பொய்யா? அதுவும் இல்லை. ஆங்கில அகராதியில் இன்னொரு "கேஷ்" தனியாக இருக்கிறது. அது நம்முடையது.

காசு என்பது தமிழில் மிகப் பழைய நாணயப் பெயர். 7-ஆம் நூற்றாண்டுச் சம்பந்தர் திருவீழிமிழலையில் இறைவனிடம் கேட்டதே வட்டம் பிடிக்காத நல்ல காசுதான். சோழர் கல்வெட்டுகளில் காசு பொன் நாணயமாக வருகிறது. (வடமொழியில் "கர்ஷம்" என்ற எடைப் பெயரோடு இதை இணைப்பவர்களும் உண்டு.) 1498-இல் வாஸ்கோ ட காமா வந்த பிறகு போர்ச்சுகீசியர்கள் இந்தச் சொல்லைக் கேட்டு, தங்கள் மொழியில் "கைஷா" என்று ஆக்கிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் மொழியில் கைஷா என்றால் பெட்டி! அதே கப்சாவின் இன்னொரு வாரிசு. தெரியாத சொல்லுக்குத் தெரிந்த சட்டையைப் போட்டுவிட்டார்கள். ஆங்கிலேயர்களிடம் அது "கேஷ்" ஆனது. இரண்டு சொற்களும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நின்றது இப்படித்தான்.

நம் கேஷ் அதோடு நிற்கவில்லை. நடுவில் சதுர ஓட்டை போட்டு, ஆயிரம் ஆயிரமாகக் கயிற்றில் கோத்து வைப்பார்களே, அந்தச் சீனச் செப்புக் காசுகளுக்கும் ஐரோப்பியர்கள் இதே பெயரை வைத்தார்கள். சீனர்கள் அதை அப்படி அழைத்ததே இல்லை. இன்றும் நாணயம் சேகரிப்பவர்கள் ஆங்கிலத்தில் அவற்றை கேஷ் என்றுதான் சொல்கிறார்கள்.

சென்னையில் கும்பெனிக் கணக்கும் இந்தக் காசில்தான் ஓடியது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818-இல் ரூபாய்க்கு மாறும் வரை குமாஸ்தாக்கள் இதிலேயே கூட்டிக் கழித்தார்கள், பாவம்.

அந்தக் காசுகளில் ஒரு பகுதி இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் சோஹோ நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. 1808 என்று ஆண்டு பொறித்த காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்ட "அட்மிரல் கார்ட்னர்" என்ற கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் அவற்றை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். ஒரு பக்கம் கும்பெனியின் சின்னம். மறுபக்கம் ரோமன் எண்ணோடு ஆங்கிலத்தில் "கேஷ்", மேலே பாரசீக எழுத்தில் "காஸ்". தமிழ் எழுத்து அதில் இல்லை. அதே காலத்தில் அதே கும்பெனி வெளியிட்ட வெள்ளிப் பணங்களில் தமிழும் தெலுங்கும் இருக்கின்றன.