சாணிக்குப் போன பேர்

சாணிப் பூச்சு ஒன்றுக்காக 1500 பவுண்டு அரசு மானியம் வாங்கியவர் வில்லியம் ஃபோர்சைத். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தோட்டக்காரர். 1784 முதல் லண்டன் கென்சிங்டன் அரண்மனைத் தோட்டம் அவர் பொறுப்பு. அங்கே பொந்து விழுந்து, காய்ப்பு நின்றுபோன கிழட்டுப் பேரி மரங்கள் இருந்தன. அவற்றைத் தோண்டி எறியாமல் தலையை இறக்கி, அழுகலைச் செதுக்கி, வெட்டுவாயில் ஒரு சாந்து பூசினார். பச்சைச் சாணி, இடித்த கட்டடத்துச் சுண்ணாம்பு, விறகுச் சாம்பல், கொஞ்சம் மணல். நம்மூரில் யாரும் இதற்கு அசரமாட்டார்கள். முருங்கைப் போத்து நட்டால் நுனியில் சாணி வைக்கிறவர்கள்தானே நாம்!

மரங்கள் மறுபடி காய்த்தன. போர்க்கப்பல் கட்ட ஓக் மரத்துக்கு அலைந்துகொண்டிருந்த காலம் அது. காயம்பட்ட ஓக்கையும் இந்தச் சாந்து தேற்றும் என்றதும் அரசாங்கம் காதைத் தீட்டிக்கொண்டது. 1791-இல் செய்முறை அச்சேறியது. பழமர ஆராய்ச்சியாளர் தாமஸ் ஆண்ட்ரூ நைட் மட்டும் சாந்தின் மகிமையை ஏற்கவில்லை.

நீலகிரியில் பழைய பேரி மரங்களுக்குக் கவாத்து செய்கிறவன் நான். காய்த்தது நிஜம்தான், ஆனால் காய்க்க வைத்தது வாள். பேரி பெரும்பாலும் குட்டையான காய்ப்புக் கொம்புகளில்தான் பூக்கும். வெயில் படாமல் உள்ளே அடைபட்டால் அவை பட்டுப்போகும். கிளையைக் கழித்தால் வெளிச்சம் இறங்குகிறது, புதுத்தளிர் வருகிறது. பேர் சாணிக்குப் போயிற்று! ஆனாலும் ஃபோர்சைத் மாதிரி ஒரேயடியாகத் தலையை இறக்க எனக்கு மனம் வராது. அப்படிச் செய்தால் மரம் நெட்டைநெட்டையாகத் தளிரைத் தள்ளும், காயைத் தள்ளாது. முதலில் பட்ட கொம்பு, பிறகு உரசும் கிளை, மிச்சத்தை அடுத்தடுத்த மார்கழி, தையில் என்று பிரித்துக்கொள்வேன்.

நைட் பக்கம்தான் நியாயம் என்பது 1970-களில் இன்னும் தெளிவானது. அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து உள்ளே பார்த்தவர். மரத்தின் காயம் நம் தோல்போல ஆறுவதில்லை. அழுகலைச் சுற்றி மரமே தடுப்புக் கட்டி அடைத்துவிட்டு, வெளிப்பக்கம் புதிதாக வளர்கிறது. பூச்சு அழுகலை நிறுத்தாது. எங்கே அறுக்கிறோம் என்பதுதான் முக்கியம். கிளை பிறக்கும் இடத்தில் புடைத்த வளையம் ஒன்று இருக்கும். அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். அழகு பார்த்து ஒட்ட அறுத்தால் அழுகல் அடிமரத்துக்குள் இறங்கும்.

என்னோடு வேலைக்கு வரும் பெரியவர் இன்னமும் வெட்டுவாயில் சாணி அப்புவார். அப்பட்டும் என்று விட்டுவிடுவேன். வாளை மட்டும் கொடுக்கமாட்டேன்.