நாய்களுக்கு ஏற்படும் ஒவ்வாமை: அறிகுறிகளும் பராமரிப்பும்

நாய்க்குத் தீராத அரிப்பு ஏற்படின் அதனை ‘உடற்சூடு’ என விட்டுவிடுவதும், சொறி எனக் கருதிப் பட்டறையிலிருந்து பழைய இன்ஜின் ஆயிலை வாங்கிப் பூசுவதும் இன்றும் காணப்படும் வழக்கங்களாகும். இரண்டும் தவறு, பின்னது உயிருக்கே கேடு. பூசிய எண்ணெய் தோலைப் புண்ணாக்குவதுடன், நாய் உடலை நக்கும்போது வயிற்றினுள்ளும் செல்கிறது.

பிற நாய்களுக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளை உடலின் நோய் எதிர்ப்பாற்றல் பகையெனக் கொள்வதே ஒவ்வாமை. மனிதரிடம் தும்மலாக வெளிப்படுவது நாயிடம் பெரும்பாலும் தோல் அரிப்பாக வெளிப்படும்.

அரிக்கும் இடத்தைக் கவனித்தல்

வாலின் அடிப்பகுதியையும் பின்தொடைகளையும் ஓயாது கடித்துக்கொள்ளும் நாய்க்குத் தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீரே காரணமாயிருக்கலாம். ஒவ்வாமையுள்ள நாய்க்குச் சில கடிகளே போதுமாதலால், பூச்சி கண்ணில் படவில்லை என்பதால் அது இல்லை எனக் கொள்ளலாகாது. நெருங்கிய பற்களுள்ள சீப்பால் வாரி, உதிரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் இட வேண்டும். அவை செந்நிறமாகக் கரைந்தால் தெள்ளுப்பூச்சியின் எச்சமாகும். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் மிகுந்த இராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் பூச்சித் தடுப்பு மருந்தை இடைவிடாது அளிப்பதே நன்று. முட்டைகளும் புழுக்களும் தரை இடுக்கிலும் படுக்கையிலும் தங்குவதால் வீட்டையும் தூய்மை செய்தல் வேண்டும்.

பாதம், முகம், காது, அக்குள், வயிறு ஆகிய இடங்களில் அரிப்பு இருப்பின் வீட்டுத்தூசி, பூஞ்சை, மகரந்தம் அல்லது உணவு காரணமாகலாம். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய, நாய் முன்னர் உண்டிராத புரத உணவை மட்டும் ஏறத்தாழ 8 வாரங்கள் மருத்துவர் கண்காணிப்பில் அளிப்பர். காசிமேட்டில் மீனும் சோறும் உண்டு வளர்ந்த நாய்க்கு மீன் புதிய உணவாகாது என்பதை மருத்துவரிடம் கூற வேண்டும். இடையில் தரும் ஒரு பிஸ்கட்டும் சோதனையைக் கெடுத்துவிடும்.

எண்ணெய்க் கழிவு பட்டால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கழிவு பரவியது. அத்தகைய எண்ணெய் எந்த நாயின் தோலையும் புண்படுத்தும். அது ஒவ்வாமை அன்று. மண்ணெண்ணெய் கொண்டு துடைக்காமல், கையுறை அணிந்து, மென்மையான பாத்திரம் கழுவும் திரவத்தாலும் இளஞ்சூட்டு நீராலும் கழுவ வேண்டும். நக்கவிடாமல் தடுத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிகிச்சை

சிரங்குப் பூச்சி உள்ளதா எனத் தோலைச் சுரண்டிப் பார்த்த பின்னரே ஒவ்வாமை என முடிவு செய்வது முறை. அவ்வாறு பாராமல் ஸ்டீராய்டு அளித்தால் அரிப்பு தணிந்தும் சிலவகைச் சொறி முற்றக்கூடும். வீட்டாருக்கும் அரிப்பு இருப்பின் அதனையும் தெரிவிக்க வேண்டும். ஒருவகைச் சிரங்குப் பூச்சி மனிதர் தோலையும் தாக்கும். பாராசிட்டமால், இபுபுரூஃபன் உள்ளிட்ட மனிதர் மருந்துகளைத் தாமாகக் கொடுத்தல் கூடாது. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம்.

குளவி கொட்டியபின் அல்லது ஊசி போட்டபின் முகம் வீங்குதல், தொடர் வாந்தி, மூச்சுத் திணறல், ஈறு வெளிறுதல், தளர்ந்து விழுதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.