பாம்பு பிடிப்பவர்களுக்கு ஒரு சங்கம்: இருளர் கூட்டுறவு உங்கள் உயிரோடு எப்படித் தொடர்புடையது?

சென்னையிலிருந்து திருப்பதி போகிற வழியில், நகரியைத் தாண்டினால் புத்தூர். புத்தூர்னாலே நமக்கு எலும்பு முறிவுக் கட்டுதான் ஞாபகம் வரும். ஆனால் இந்த ஊர்ப் பக்கம் வயலில் ஒருவரைப் பாம்பு கடித்தால், அவருக்கு ஏற்றப்படும் மருந்தின் தொடக்கம் பெரும்பாலும் மாமல்லபுரம் அருகே ஒரு மண்பானையில் இருக்கும். எப்படி?

என்ன சங்கம் இது?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்களின் வருமானம் நின்றுபோனது. சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில், 1978-ல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தோல் வேண்டாம், விஷம் போதும் என்பதுதான் யோசனை.

எப்படி வேலை செய்கிறது?

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு வகைகளை மட்டும் பிடிக்கிறார்கள். மண்பானையில் சுமார் மூன்று வாரம் வைத்து, நான்கு முறை விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு மறுபடி சிக்கினால் தெரிந்துவிடும். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசு அனுமதி வேண்டும்.

இந்த விஷத்தை மருந்து நிறுவனங்கள் சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்துகின்றன. குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளே விஷமுறிவு மருந்து. இந்தியாவில் இதற்கான விஷத்தின் பெரும்பகுதியை இந்தச் சங்கம்தான் தருகிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

2020-ல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரியாக 58,000. அதாவது நாளைக்குக் கிட்டத்தட்ட 159 பேர். 2001–2014 காலத்தில் சுமார் 70% இறப்புகள் எட்டு மாநிலங்களில் நடந்தன. அதில் பிரிக்கப்படாத ஆந்திராவும் ஒன்று.

அப்போ சிக்கல் எங்கே?

ஒரே வகைப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறும். வட தமிழகத்துப் பாம்புகளின் விஷத்தில் தயாரான மருந்து, ராஜஸ்தானிலோ வங்கத்திலோ அதே வேகத்தில் வேலை செய்யாமல் போகலாம். பிற மாநிலங்களிலும் விஷ சேகரிப்பு மையம் வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்பது இதனால்தான். 2030-க்குள் பாம்புக்கடி இறப்புகளைப் பாதியாகக் குறைக்க, மத்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது.

அங்கீகாரம் கிடைத்ததா?

சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுக்க அழைக்கப்பட்டவர்களும் இவர்கள்தான்.

கடித்தால் என்ன செய்யணும்?

கடித்த இடத்தைக் கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. கை, காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்க. கட்டு விரியன் கடித்தால் பல நேரம் வலியே இருக்காது. வலி இல்லை என்று மட்டும் வீட்டில் உட்கார்ந்துவிடாதீங்க.