தற்காலிக ஆசிரியரும் தாய்மொழி வகுப்பும்

மலாயாவில் தமிழாசிரியப் பணி, ஆசிரியப் பயிற்சிக்கு முன்பே தோன்றிவிட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பயிற்சி பெற்றோர் அரியராதலின், எழுத்தறிந்த கங்காணியும் கிராணியுமே பல தோட்டங்களில் ஆசிரியராயினர்.

விடுதலைக்குப் பின் இக்குறை இடைநிலைப் பள்ளியிலும் தலைகாட்டியது. 15 மாணவரின் பெற்றோர் கோரினால் தமிழ் கற்பிக்க 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழிவகுத்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வெண்ணையே கொண்டுள்ளது. 1964இல் இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நீங்கவே மாணவர் பெருகினர். ஆசிரியர் அவ்வளவு விரைவில் பெருகவில்லை. அவ்விடைவெளியில் நின்றவர் தற்காலிக ஆசிரியர். பாட அட்டவணைக்குப் புறம்பே, பள்ளி முடிந்த பிற்பகலில் நடந்த தமிழ் வகுப்புகள் பல. பெற்றோர் கையொப்பம் வகுப்பைப் பெற்றுத் தந்தது. அதனை நிலைநிறுத்தியவர் ஆசிரியரே.

ஆதலின் இப்பணியில் புதிதாய்ப் புகும் இளைஞர், முதல் நாளே வருகைப் பதிவேட்டை வாங்கி, வாராத மாணவர் யாவரென அறிதல் வேண்டும். அவர்தம் பெற்றோரைக் காணுதல் அடுத்த கடமை. கற்பிக்கும் முறையைப் பயிற்சியிற் பெறலாம்; கலைந்த வகுப்பை மீண்டும் கூட்டுதல் எளிதன்று.